எல்பிஎஸ் கொடுத்தும் லூகோட்ரையீன் வரவில்லையா?

மேக்ரோஃபேஜுக்கு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) கொடுத்து, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் எலைசா (ஆன்டிபாடி வைத்து ஒரு பொருளை அளக்கும் சோதனை) ஓட்டினேன். பிஜிஇ2 என்ற அழற்சிப் பொருள் எகிறியது. லூகோட்ரையீன் வகை அழற்சிப் பொருளான எல்டிபி4 வெற்றுக் கிணறு மாதிரி கிடந்தது. மூன்று முறை இதே கதை. கிட் கெட்டுவிட்டது என்று புதிதாக வேறு வாங்க வைத்தேன். கிட்டில் குறையே இல்லை. இரண்டு சாவி போட வேண்டிய பூட்டுக்கு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்பிஎஸ் டிஎல்ஆர்4 ஏற்பியைத் தட்டியதும் மைடி88 என்ற இணைப்புப் புரதம் வழியாக, மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கேபி விழித்துக்கொள்ளும். அதனால் பிஜிஇ2-க்கு வழிசெய்யும் காக்ஸ்-2 நொதி உருவாகச் சில மணி நேரம் பிடிக்கும். இரண்டு பொருளுக்கும் மூலமான அராகிடோனிக் அமிலத்தைச் சவ்விலிருந்து வெட்டித் தருவது சைட்டோசாலிக் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி. அது முழு வேகத்தில் ஓட, மேப் கைனேஸ் என்ற நொதி ஒட்டிவிடும் பாஸ்பேட்டும் வேண்டும், செல்லுக்குள் கால்சியமும் ஏற வேண்டும். எல்பிஎஸ்ஸால் முதலாவது நடக்கும். இரண்டாவது சரியாக நடக்காது. சொட்டுச் சொட்டாக வரும் அமிலத்தை வைத்தே காக்ஸ்-2 காலத்தை ஓட்டிவிடும். லூகோட்ரையீனுக்கு வழிசெய்யும் நொதியான 5-லிபாக்சிஜினேஸ் அப்படியில்லை. முன்கூட்டியே தயாராக இருந்தாலும், கால்சியம் ஏறினால்தான் நியூக்ளியஸ் உறைக்கு நகர்ந்து வேலையைத் தொடங்கும்.

ஆகவே இரண்டு தட்டுகள், இரண்டு கடிகாரங்கள்.

1. செல்களைப் பதித்து ஒரு நாள் விடுங்கள். எலியின் வயிற்றறை மேக்ரோஃபேஜ் என் தேர்வு. வளர்க்கச் சுலபம் என்று எல்லோரும் எடுக்கும் ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் செல்வரிசை லூகோட்ரையீன் பார்க்க எனக்குப் பிடிக்காது.

2. பிஜிஇ2 தட்டு: மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் எல்பிஎஸ், 8 மணி நேரம். போடுவதற்கு முன் எல்பிஎஸ் குப்பியை நன்றாக வார்டெக்ஸ் செய்யுங்கள், சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

3. லூகோட்ரையீன் தட்டு: எல்பிஎஸ் 30 நிமிடம் மட்டும். பிறகு சைமோசான் போட்டு ஒரு மணி நேரம். இந்த ஈஸ்ட் சுவர்த் துகள் டிஎல்ஆர்2, டெக்டின்-1 ஆகிய ஏற்பிகள் இரண்டையும் தட்டிக் கால்சியத்தை ஏற்றும். கால்சியம் அயனோஃபோர் (கால்சியத்தைச் சவ்வு தாண்டிக் கடத்தும் பொருள்) இன்னும் பெரிய எண் காட்டும். ஆனால் அது ஏற்பியைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக நுழைகிறது. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு ஒரு குழியில் போதும்.

4. நேரம் முடிந்ததும் தட்டை ஐஸில் வைத்து, மேல் திரவத்தை எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மைனஸ் 80-இல் வையுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் தடுப்பான் குழி ஒன்று இருக்கட்டும்: காக்ஸுக்கு இண்டோமெதசின், 5-லிபாக்சிஜினேஸுக்கு ஜைலூட்டான். அதில் சிக்னல் குறையாவிட்டால் நீங்கள் அளந்தது வேறு எதையோ. காக்ஸ் வழியில் வரும் இன்னொரு பொருளான த்ராம்பாக்ஸேன் ஏ2-வை நேரடியாகத் தேடாதீர்கள். அரை நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். அது சிதைந்து உருவாகும் த்ராம்பாக்ஸேன் பி2-வை அளப்பதுதான் வழக்கம். ஒன்றிரண்டு பொருளுக்கு எலைசா போதும், பத்துக்கு மேல் என்றால் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்தறியும் கருவி) உள்ளவர்களிடம் போய் நிற்பது மேல்.

பிற்சேர்க்கை: எதுவும் கொடுக்காத குழியிலும் பிஜிஇ2 வருகிறது என்று இருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார்கள். முதலில் மீடியாவில் எல்பிஎஸ் கலந்திருக்கிறதா பாருங்கள். எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்ஸின் பி சேர்த்ததும் இறங்கினால் திருடன் அதுதான். இறங்காவிட்டால் உங்கள் பிப்பெட் கையைச் சந்தேகியுங்கள். வேகமாகப் பீய்ச்சினாலே செல்கள் அராகிடோனிக் அமிலத்தைக் கக்கும். நான் இப்போது குழியின் சுவர் வழியாகத்தான் ஊற்றுகிறேன்.

இன்னொருவர், வந்த பிஜிஇ2 காக்ஸ்-1 (செல்லில் வழக்கமாகவே இருக்கும் வகை) உடையதா காக்ஸ்-2 உடையதா என்றார். எல்பிஎஸ்ஸுக்கு முன் ஆஸ்பிரின் கொடுத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த காக்ஸ் மீளாமல் முடங்கும். அதன் பிறகு வருவது பெரும்பாலும் புதிதாக உருவான காக்ஸ்-2 கொடுத்ததே. கழுவுவதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். மிஞ்சிய ஆஸ்பிரின் புதியதையும் முடக்கிவிடும்.