லடாக்கில் உள்ள லே நகருக்குப் போகிறீர்களா? முதல் இரண்டு நாள் ஊர் சுற்றாதீர்கள்

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லே. ஆனால் ஊர் இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரை ஊர்களில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பையில் வைத்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்தாலே புரியும். அதனால் முதல் 48 மணி நேரம் அறையிலேயே ஓய்வு. குன்றின் மேல் இருக்கும் பௌத்தச் சின்னமான சாந்தி ஸ்தூபியின் படிகளெல்லாம் மூன்றாம் நாளுக்கு. தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறவே கூடாது, டாக்டரிடம் போங்கள்.

ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே 10 சென்டிமீட்டர் அளவுதான். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. கடிகாரம் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். ஒரு சின்ன டப்பா தேங்காய் எண்ணெய் போதும். வெயிலில் சட்டை சுடும், நிழலுக்கு நகர்ந்தால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஒரே கனமான கோட்டைவிட, கழற்றி மாட்ட வசதியாக மூன்று மெல்லிய உடைகள் நல்லது.

அப்புறம் லேக்கு வடக்கே உள்ள கர்துங் லா என்ற மலைக்கணவாய். பழைய பலகையில் 18,380 அடி என்று இருக்கும். உண்மையான உயரம் சுமார் 17,580 அடி. எதுவானாலும் அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.