கவர் பேண்டுக்கு கிட்டார் ஆம்ப் வாங்குறீங்களா, முதல்ல க்ளீனைக் கேளுங்க

காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம்னு மண்டபம் மண்டபமா மத்தவங்க பாட்டை வாசிக்கிற கவர் பேண்டு தம்பிங்க கடைக்குப் போனதும் கரகரன்னு கேக்குற டிஸ்டார்ஷனைத்தான் போட்டுப் பாக்குறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஒரே ராத்திரில மெலடி, குத்து, ராக் எல்லாம் வாசிக்கணும், அதனால வால்யூம் ஏத்தினாலும் கரகரப்பு இல்லாத க்ளீன் சவுண்டு ஒடையாம நிக்குதான்னு பாருங்க, அது நல்லா இருந்தா மத்த சவுண்டை பெடல் (கால்ல மிதிச்சு சவுண்டை மாத்துற பொட்டி) வச்சே எடுத்துக்கலாம்.

ட்ரம்ஸோட வாசிக்க சாலிட் ஸ்டேட் (ட்ரான்சிஸ்டர்) ஆம்ப்னா 50 வாட்ஸ், 12 இன்ச் ஸ்பீக்கர் போதும். ட்யூப் (வால்வு) ஆம்ப்னா 15, 20 வாட்ஸே நல்லா கேக்கும். 100 வாட்ஸ் வாங்கினா டபுள் சத்தம்னு நெனைக்காதீங்க, 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடக் கேக்கும்.

க்ளீனுக்கு ஒண்ணு, டிஸ்டார்ஷனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சேனல், அதைக் கால்ல மாத்த ஃபுட் ஸ்விட்ச் கட்டாயம் வேணும், பாட்டு நடுவுல குனிஞ்சு நாப் திருக முடியாது. ஆம்போட டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் பெடலை இணைக்கிற எஃபெக்ட்ஸ் லூப் இருந்தா எதிரொலி குடுக்குற டிலே, ரிவர்ப் பெடலை அதுல போடுங்க, ஆம்போட டிஸ்டார்ஷன்ல குழம்பாது. சவுண்டை வயர்ல வெளிய எடுக்குற லைன் அவுட் இருந்தா நேரா மண்டபத்து மிக்ஸருக்கே குடுத்துடலாம், தனி மைக் வேணாம்.

வெயிட்டும் பாருங்க. 1975-ல வந்த ரோலண்ட் ஜேசி-120 க்ளீனுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆம்ப், ஆனா சுமார் 28 கிலோ, ஆட்டோல ஏத்தி மாடி மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போறது கஷ்டம். பாஸ் (Boss) கம்பெனியோட கடானா 50 ஆம்ப் அதுல பாதி வெயிட் கூட இல்ல, பவரை 0.5 வாட்ஸுக்குக் கொறைச்சு வீட்லயும் வாசிக்கலாம்.

கடைக்குப் போறப்ப உங்க கிட்டாரையே எடுத்துட்டுப் போங்க, பத்தடி தள்ளி நின்னு கேளுங்க.