லேடர் ஃப்ரேம் எஸ்யூவி வாங்கியாச்சா? இனி அதோட எப்படி குடும்பம் நடத்துறதுன்னு பாப்போம்

முதல்ல ஒண்ண மனசுல போட்டுக்கங்க, நீங்க வாங்கியிருக்கிறது கார் இல்ல, கார் சட்டை போட்ட லாரி. பெரிய ஸ்க்ரீன், லெதர் சீட்டு, சன்ரூஃப் எல்லாம் மேல இருக்கிற சமாச்சாரம். கீழ குனிஞ்சு பாத்தா ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், நடுநடுவுல குறுக்குச் சட்டம், ஏணிய படுக்கப் போட்ட மாதிரி இருக்கும், அதுமேல ரப்பர் மவுண்ட் வச்சு பாடிய போல்ட் போட்டு உக்கார வச்சிருப்பாங்க. ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸ் பிக்கப்பும் ஒரே அடித்தளம், எவரெஸ்ட்டும் ரேஞ்சரும் அப்படித்தான், எம்யூ-எக்ஸும் டி-மேக்ஸும் அப்படித்தான். ஜிம்னி பாக்க குட்டியா இருந்தாலும் 1970ல முதல் மாடல் வந்தப்பவே ஃப்ரேம் வண்டி, இன்னைக்கும் ஃப்ரேம் வண்டிதான். ஆனா உருவத்த மட்டும் பாத்து ஏமாந்துறாதீங்க, புது டிஃபெண்டர் முரட்டுத்தனமா நின்னாலும் அது மோனோகாக், அதாவது கார் மாதிரி பாடியும் சட்டமும் ஒண்ணாவே செஞ்சது, ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரும் 2011 மாடல்லயே ஃப்ரேம விட்டுட்டு கார் பக்கம் போயிருச்சு. உங்களோடது எந்த ஜாதின்னு தெரியாம கீழ சொல்ற எதையும் பண்ணாதீங்க.

முதல் மாசம் ஓட்டும்போது "என்னடா இது இப்படி ஆட்டுது"ன்னு தோணும். அது ரிப்பேர் இல்ல. பின்னாடி ஆக்ஸில் ரெண்டு வீலையும் ஒரே தண்டால கோத்து வச்சிருக்கு, அதனால ஒரு பக்கம் குழியில இறங்கினா மறுபக்கமும் கூட சேந்து ஆடும், உள்ள இருக்கிறவங்க தலை இடமும் வலமும் போகும். ஸ்பிரிங்க லோடு ஏத்துறதுக்குன்னு செஞ்சிருக்கிறதால வண்டி காலியா இருந்தா பின்பக்கம் துள்ளும், நாலு பேரும் பெட்டியும் ஏறினதும் அதே வண்டி அடக்கமா போகும். ஷாக் அப்சார்பர மாத்துறதுக்கு முன்னாடி டிரைவர் டோர தொறந்து அங்க ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர பாருங்க. நிறைய வண்டியில காலியா போறப்ப ஒரு ஏர் ப்ரஷர், ஃபுல் லோடுக்கு இன்னொண்ணுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. ஏர் அடிக்கிற இடத்துல அவங்க இஷ்டத்துக்கு அடிச்சு விட்டத வச்சுக்கிட்டே "ரைடு சரியில்ல"ன்னு புலம்புறவங்கதான் அதிகம்.

பிரேக் விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். பெரும்பாலான வண்டி ரெண்டு டன் இருக்கும், இல்ல அதுக்கும் மேல, எடை உயரத்துல வேற இருக்கு. முன்னாடி போற வண்டிக்கு காருல விடுற இடைவெளிய விட இன்னும் தாராளமா விடுங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சிருங்க, உள்ள போனப்புறம் திடீர்னு ஸ்டியரிங்க ஒடிக்கிற பழக்கம் இருந்தா அத விட்டுருங்க. உயரமா உக்காந்திருக்கிறதால வேகமே தெரியாது, 100ல போறது 70 மாதிரி இருக்கும், அதான் இதுல இருக்கிற பெரிய ஏமாத்து வேலை.

ஃபோர் வீல எப்ப போடணும், எப்ப போடவே கூடாது

இத கொஞ்சம் நிதானமா படிங்க, வண்டிய கெடுத்துக்கிறவங்கள்ல பாதி பேரு இங்கதான் கெடுத்துக்கிறாங்க.

ஜிம்னி, தார், ஃபார்ச்சூனர் மாதிரி வண்டியெல்லாம் பொதுவா பார்ட்-டைம். சாதாரணமா 2ஹெச்ல பின் வீல் மட்டும் இழுக்கும், 4ஹெச் போட்டா இன்ஜின் பலத்த முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு விடுற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்க ஷாஃப்டையும் பின்பக்க ஷாஃப்டையும் ஒண்ணா பூட்டிரும். பூட்டிட்டா ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். ஆனா வண்டி திரும்பும்போது முன் வீலுங்க பெரிய வட்டம் போடும், பின் வீலுங்க சின்ன வட்டம் போடும், அப்ப ரெண்டும் ஒரே வேகத்துல எப்படி சுத்த முடியும்? மண்ணு, சேறு, மணல்னா டயர் லேசா வழுக்கி அந்த வித்தியாசத்த சரிக்கட்டிக்கும். காஞ்ச தார் ரோட்டுல வழுக்க வழியே இல்ல, அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்டுலயும் கியர்லயும் ஏறி உக்காந்துரும்.

நானே மாட்டியிருக்கேன். மழையில சேத்துப் பாதைய தாண்டி வந்து ரோடு ஏறினப்புறம் 4ஹெச்ச எடுக்க மறந்துட்டேன், பார்க்கிங்ல யூ-டர்ன் போட்டா வண்டி முரண்டு பிடிக்குது, டயர் கீச்சு கீச்சுங்குது, யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கிற மாதிரி, கியர்பாக்ஸ் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் மீட்டர்ல லைட்ட பாத்தப்பதான் உறைச்சுது. 2ஹெச்சுக்கு மாத்தியும் லைட் அணையல, முறுக்குல மாட்டிக்கிட்டா அப்படித்தான் பண்ணும், கொஞ்சம் பின்னாடி எடுத்து ஸ்டியரிங்க நேரா வச்சு உருட்டினதும் "டக்"குனு விட்டுச்சு. உங்களுக்கும் அப்படி மாட்டினா லீவர போட்டு உடைக்காதீங்க, ரிவர்ஸ்ல ரெண்டு மீட்டர் போனா போதும்.

ப்ராடோ, பெரிய லேண்ட் க்ரூஸர் மாதிரி எப்பவும் நாலு வீலும் இழுக்கிற ஃபுல்-டைம் வண்டியில நடுவுல ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கு, முன்னயும் பின்னயும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் அமைப்பு அது, அதனால தார் ரோட்டுல நாலு வீலும் இழுத்தாலும் பிரச்சனையில்ல. ஆனா அத பூட்டுற சென்டர் டிஃப் லாக் பட்டன அமுக்கினீங்கன்னா மேல சொன்ன கதைதான் இங்கயும்.

4எல்னா ஃபோர் வீலோட லோ ரேஞ்ச், அது வேகத்துக்கு இல்ல, பொறுமைக்கு. ஹைலக்ஸ்ல லோ ரேஞ்ச் விகிதம் 2.566, அதாவது அதே இன்ஜின் சுத்துக்கு வீல் ரெண்டரை மடங்கு மெதுவா, ரெண்டரை மடங்கு பலமா சுத்தும், ராங்லர் ரூபிகான்ல அது 4. செங்குத்தா இறங்கும்போது பிரேக்க மிதிச்சுக்கிட்டே போறத விட 4எல்ல முதல் கியர் போட்டு இன்ஜினே புடிச்சுக்கட்டும்னு விடுறதுதான் சரி. பெரும்பாலான வண்டியில நிறுத்தி நியூட்ரல் போட்டுதான் 4எல்லுக்கு மாத்தணும், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை.

இன்னொண்ணு, ஃபோர் வீல் வண்டிய கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா டூ வீல் டிரைவும் ஃபோர் வீல் டிரைவும் ஒண்ணுதான்.

அதுக்காக தொடாமயே வச்சிருக்கவும் கூடாது. டொயோட்டாவோட சில பார்ட்-டைம் வண்டிங்க மேனுவல்ல மாசத்துக்கு 16 கிலோமீட்டராவது ஃபோர் வீல்ல ஓட்டச் சொல்லியே போட்டிருக்கு, அப்பதான் முன்பக்க பாகங்களுக்கு எண்ணெய் பரவும். மண் ரோடு கெடைச்சா அங்க ஓட்டுங்க. வருஷக்கணக்கா போடாம வச்சிருந்து, சேத்துல மாட்டினப்புறம் முதல் தடவையா சுவிட்ச திருகினா ஃபோர் வீல மாட்டி விடுற ஆக்சுவேட்டர் இறுகிப்போய் பேசாம நிக்கும், அன்னைக்குன்னு பாத்துத்தான் நிக்கும்.

கீழ படுத்துப் பாருங்க

மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பாய விரிச்சு, ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போங்க. ஜாக்கி வேண்டாம், இந்த உயரத்துக்கு சும்மாவே தலை போகும். என்ன தேடணும்னா, முதல்ல எண்ணெய் கசிவு. கார்ல பொதுவா இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயிலோட கதை முடிஞ்சுது, இதுல முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல், ட்ரான்ஸ்ஃபர் கேஸ்னு இன்னும் மூணு இருக்கு, மூணுக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி கணக்கு. சர்வீஸ்ல விட்டா தானா மாத்திருவாங்கன்னு நெனைக்காதீங்க, பில்லுல அந்த வரி இருக்கான்னு பாருங்க.

அடுத்து ப்ரொபல்லர் ஷாஃப்ட், ஆக்ஸிலுக்கு பலத்த கொண்டு போற நீளத் தண்டு. ஜாயிண்ட்ல கிரீஸ் நிப்பிள் இருந்தா கன் வச்சு கிரீஸ் அடிங்க, பழசு வெளிய பிதுங்கி புதுசு எட்டிப் பாக்குற வரைக்கும். கியர் போட்டதும் அடியில "டங்"குனு ஒரு சத்தம் வருதுன்னா பல தடவை காரணம் இந்த ஜாயிண்ட்டோ, ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய விடுற ஸ்லிப் யோக்கோதான். கையால ஷாஃப்ட புடிச்சு திருகிப் பாருங்க, ஜாயிண்ட்லயே ஆட்டம் தெரிஞ்சா மாத்துற நேரம் வந்துருச்சு. முன்னாடியும் சாலிட் ஆக்ஸில் இருக்கிற ராங்லர், ஜிம்னி மாதிரி வண்டியில ஒரு குழியில விழுந்ததும் ஸ்டியரிங் கிடுகிடுன்னு நடுங்க ஆரம்பிச்சா பயப்படாம மெதுவா வேகத்த குறைங்க, அப்புறம் ட்ராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம புடிக்கிற கம்பி) புஷ், போல்ட் டைட், பால் ஜாயிண்ட், வீல் பேலன்ஸ் எல்லாத்தையும் வரிசையா பாக்கணும். நடுக்கத்த அடக்குற ஸ்டியரிங் டேம்பர மட்டும் மாத்திட்டு சரியாயிருச்சுன்னு சொல்றது காய்ச்சலுக்கு போர்வை போத்துற வைத்தியம்.

அப்புறம் துரு. ஃப்ரேம் சட்டம் உள்ள பொள்ளலா இருக்கும், சேறு உள்ள போய் காஞ்சு ஈரத்த புடிச்சு வச்சுக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும்போதே உள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும். அமெரிக்காவுல டொயோட்டாவோட டகோமா, டண்ட்ரா, செகோயா ஃப்ரேம் துரு வழக்கு 2016ல சமரசத்துக்கு வந்தப்ப, ஓட்டை விழுந்த வண்டிக்கு ஃப்ரேமையே மாத்தித் தர ஒத்துக்கிட்டாங்க, உறுதிக்குப் பேர் போன வண்டிக்கே அந்த நெலம. அதனால சேத்துலயோ கடற்கரை மணல்லயோ ஓட்டிட்டு வந்தா மேல துடைக்கிறத அப்புறம் வச்சுக்கங்க, முதல்ல ஃப்ரேம்ல இருக்கிற ஓட்டை வழியா பைப்ப விட்டு தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க. அடியில இருக்கிற ட்ரெயின் ஓட்டைங்கள அண்டர்கோட்டிங் அடிக்கிறேன்னு அடைச்சு விட்டா அதுவே எமன்.

தண்ணிக்குள்ள

ஆழம் தெரியாம கால விடாதேன்னு சும்மா சொல்லல. இந்த மாதிரி வண்டிக்கு 700, 800 மில்லிமீட்டர்னு ஒரு கணக்கு போட்டிருப்பாங்க, அது நின்ன தண்ணிக்கு, மெதுவா போறதுக்கு. ஓடுற தண்ணியில முழங்கால் ஆழமே வண்டிய பக்கவாட்டுல தள்ளிரும், அப்ப எந்த எண்ணும் உதவாது. இன்ஜின் காத்து இழுக்கிற வாய் எங்க இருக்குன்னு பானட்ட தொறந்து பாத்து வச்சுக்கங்க, அதுக்கு மேல அலை வந்தா கதை முடிஞ்சுது. உள்ள நின்னுபோச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, சிலிண்டர்ல தண்ணி இருந்தா அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சுரும்.

நிறைய பேருக்குத் தெரியாதது ப்ரீதர், டிஃப்ரன்ஷியல் மூச்சு விடுற சின்ன துவாரம். ஓடி சூடான டிஃப்ரன்ஷியல் குளிர்ந்த தண்ணியில இறங்கினதும் உள்ள காத்து சுருங்கும், சுருங்கினா வெளிய இருந்து இழுக்கும், ப்ரீதர் அடைச்சிருந்தாலோ தண்ணிக்குள்ள இருந்தாலோ சீல் வழியா தண்ணிய குடிச்சுரும். ஆழமா இறங்கி வந்தப்புறம் ஃபில்லர் ப்ளக்க தொறந்து ஆயில தொட்டுப் பாருங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா அன்னைக்கே மாத்துங்க.

டயர், அப்புறம் மேல மாட்டுற சாமானுங்க

முக்கால்வாசி நேரம் தார் ரோடுதான்னா சேத்துக்குன்னே செஞ்ச எம்.டி டயர் போடாதீங்க, பாக்க நல்லாயிருக்கும், மத்தபடி சத்தம், ஈரத்துல வழுக்கல், பெட்ரோல் டீசல் செலவு. ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி போதும். சைஸ் ஏத்துறதுன்னா கணக்கு போட்டு ஏத்துங்க, 265/65 ஆர்17ல இருந்து 265/70 ஆர்17 போனா டயர் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர்ல இருந்து 803 ஆகும், 3.4 சதவீதம் பெருசு, மீட்டர் 100 காட்டும்போது அதுக்கு முன்னாடி போனத விட மூணு கிலோமீட்டர் கூடவே போய்க்கிட்டு இருப்பீங்க. ரொட்டேஷன்ல ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சா சுத்துங்க, நாலு தேஞ்சு ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா ஃபோர் வீல் போடும்போது அந்த ஒண்ணே ஷாஃப்ட முறுக்கும். மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி 15-18 பிஎஸ்ஐ வரைக்கும் காத்த இறக்குங்க, பல தடவை லோ ரேஞ்சே தேவைப்படாது. திரும்ப ஏத்த கம்ப்ரஸர் இல்லன்னா இறக்காதீங்க, அந்த காத்தோட ரோட்டுல வேகமா போனா டயர் சூடாகி வெடிச்சுரும்.

மாட்டினா இழுக்க ஒரு நல்ல ரிக்கவரி கயிறு, தாங்குற எடைய அச்சடிச்ச ஷாக்கிள் (கயிற மாட்டுற இரும்பு வளையம்) ரெண்டு, ஒரு மண்வெட்டி, அவ்ளோதான். கயிற ட்ரெய்லர் இழுக்கிற டோ பால்ல மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, அது ஒடிஞ்சு குண்டு மாதிரி பறந்து ஆளையே கொன்னிருக்கு. ஃப்ரேம்ல இருக்கிற ரிக்கவரி பாயிண்ட்ல மாட்டுங்க, சுத்தி நிக்கிறவங்கள தூரமா போகச் சொல்லுங்க.

பம்பர், வின்ச், ரூஃப் ரேக், ரெண்டாவது பேட்டரின்னு ஒவ்வொண்ணா ஏத்துறப்ப ஆசையாத்தான் இருக்கும், ஆனா வண்டி தாங்குற மொத்த எடைன்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்துதான் இதெல்லாம் கழியும், அப்புறம் ஆளுங்கள எங்க ஏத்துறது. ரூஃப் மேல தண்ணி கேன், ஸ்டெப்னி வைக்கிறவங்கள பாத்தா எனக்கு பக்குனு இருக்கும், ஏற்கனவே உயரமான வண்டி.

டீசல் வண்டியில புகைக்கரிய புடிச்சு வைக்கிற ஃபில்டரான டி.பி.எஃப் இருந்தா, தினமும் ரெண்டு கிலோமீட்டர் கடைக்கு மட்டும் போய்ட்டு வர்றவங்களுக்கு இது சரிப்படாது. புகைக்கரி சேந்துக்கிட்டே போகும், அத எரிக்க சூடு வேணும், வாரத்துல ஒரு நாளாவது இருபது நிமிஷம் நிக்காம நல்ல வேகத்துல ஓட்டுங்க. பாதியில பாதியில அணைச்சுக்கிட்டே இருந்தா டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும், டிப்ஸ்டிக்ல ஆயில் குறையாம ஏறுதுன்னா சந்தோஷப்படாதீங்க, உடனே காட்டுங்க. மைலேஜ் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, யானைய கட்டிட்டு தீனிக் கணக்கு பாத்தா தூக்கம் வராது.

வீட்டுல பெரியவங்க இருந்தா சைட் ஸ்டெப் போட்டுருங்க. கல்லுப் பாதையில அது மோதும், தொங்கும், அதெல்லாம் உண்மைதான், ஆனா ஏற முடியாம நிக்கிறவங்கள தெனம் கைத்தாங்கலா தூக்கி விடுறதுக்கு அது எவ்ளவோ தேவல.

கடைசியா ஒரு டேப் எடுத்து ரூஃப் ரேக், அதுமேல இருக்கிற லைட் எல்லாத்தையும் சேத்து வண்டி எவ்ளோ உயரம்னு அளந்து, ஒரு துண்டு பேப்பர்ல எழுதி சன் வைசர்ல ஒட்டி வைங்க. நானும் ஒட்டியிருக்கேன், அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் கூரையில லைட் பார பேத்துக்கிட்டு வந்த மறுநாள்.