கச்சான் வீசும் காலையில் வால்தான் கிடைக்கும்: சிறு பறவைகள் பறப்பதைப் பார்க்கவும் படமெடுக்கவும்

முதல் ஆண்டு நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வால்கள். வானம்பாடியின் வால், நெட்டைக்காலியின் வால், எந்தப் பறவையுடையது என்றே தெரியாத வால். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு தரிசு நிலத்துக்கு ஆனி, ஆடி முழுக்கக் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். கேமராவைத் திட்டினேன், பிறகு லென்ஸைத் திட்டினேன். பாம்பனில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சிரித்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். எந்தப் பறவையும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கிழக்கே நிற்பவன் முதுகைத்தான் பார்ப்பான் என்றார். படகோட்டிகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம்.

படி 1: கேமராவை வீட்டிலேயே வையுங்கள்

ஒரு வாரம் கண்ணும் நோட்டுப் புத்தகமும் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. பறவையின் நிறத்தைக் குறிக்காதீர்கள். அது காற்றில் போட்ட கோட்டை வரையுங்கள். வாலாட்டி போட்ட கோடு அலை அலையாக இருக்கும். சில முறை இறக்கையடித்து மேலேறும், இறக்கையை உடம்போடு மடக்கிக்கொண்டு கீழே சரியும், மறுபடி அடிக்கும். குளிர்காலத்தில் வலசை வரும் தகைவிலான் அடித்து, சறுக்கி, சட்டென்று திரும்பும். முருங்கைப் பூவில் தேன்சிட்டு ஓரிரு நொடி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். அதற்கு மேல் முடியாமல் காம்பைப் பிடித்துக்கொள்ளும்.

புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பனங்காட்டுக்கு மேலே சுற்றுவதையெல்லாம் தகைவிலான் என்று எழுதிவிடுவார்கள். அவற்றில் பெரும்பகுதி பனை உழவாரன். அது பாடும் பறவைகளின் வரிசையிலேயே சேராது. பனையோலையில் எச்சிலால் கூடு ஒட்டி வாழ்வது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். உழவாரனின் கால் கம்பியில் உட்காருவதற்கு ஏற்றதல்ல.

படி 2: கைபேசியில் ஒரு ஒத்திகை

முற்றத்தில் கொஞ்சம் நொய் தூவுங்கள். சிட்டுக்குருவிகள் வந்து பழகிய பிறகு, கைபேசியை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, மெதுவியக்கக் காணொளியில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று அமைத்து விட்டுவிடுங்கள். சிட்டு நொடிக்கு 15 முறை சிறகடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அடிக்கும் 16 சட்டங்கள் கிடைக்கும். 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் கேமரா செய்து பறவைகளைப் படமெடுத்தபோது, நொடிக்கு 12 படங்கள்தான் அவருக்குக் கிடைத்தன. நம் சட்டைப்பையில் இருப்பது அதைப்போல் இருபது மடங்கு.

காணொளியை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பாருங்கள். எழும்பும் கணத்தில் முதலில் வேலை செய்வது இறக்கையல்ல, கால். குருவி குந்தி, தரையை உதைத்துத் தாவுகிறது; சிறகு பிறகுதான் விரிகிறது. கீழ்நோக்கி அடிக்கும்போது இறக்கை முழுதாக விரியும், மேலே வரும்போது பாதி மடங்கும். குந்துவதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த விரல் பழகவேண்டும். பறந்தபின் அழுத்தினால் வெறும் வானம்தான்.

படி 3: காற்றும் வெயிலும் உங்கள் முதுகில்

மற்ற எல்லாப் படிகளையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். வெயில் முதுகில் இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். காற்றும் முதுகில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வரும் வேளையில் பறவை உங்களைப் பார்த்து எழும்பும், உங்களைப் பார்த்தே இறங்கும், முகத்திலும் வெளிச்சம் இருக்கும்.

தை, மாசியில் நம் கரைக்கு வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, காலை வெயிலும் கிழக்கே. ஆகவே அந்த மாதங்களில் காலை. ஆனி, ஆடியில் கச்சான். அப்போது மாலை நான்கரைக்கு மேல், மேற்குக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் அத்தனை வால்கள். காற்றின் திசை தெரியவில்லையா? பனையோலையைப் பாருங்கள், இல்லை ஒரு பிடி மணலைத் தூவிப் பாருங்கள்.

படி 4: கேமராவில் மாற்றவேண்டியவை

ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்குக் குறையாமல். கணக்கு எளிது: நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் பறவை 1/500 நொடியில் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், சிட்டின் உடம்புக்கு அது பெரிய தூரம். 1/2500 என்றால் 4 மில்லிமீட்டர். இறக்கையின் நுனி அதைவிட வேகம், அது கொஞ்சம் கலங்கினால் கலங்கட்டும். எனக்கு அது பிடிக்கவும் செய்கிறது. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை)த் தானியங்கியில் விடுங்கள், தொடர் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு. படத்தில் இறக்கை வாழைப்பட்டைபோல் வளைந்து தெரிந்தால் அது மின்னணு ஷட்டரின் வேலை. இயந்திர ஷட்டருக்கு மாற்றுங்கள்.

படி 5: வானம்பாடியிலிருந்து தொடங்குங்கள்

தேன்சிட்டின் அழகில் மயங்கி அதிலிருந்து தொடங்குபவர்கள் ஒரே வாரத்தில் கேமராவை விற்கப் பார்ப்பார்கள். என் பரிந்துரை சாம்பல்தலை வானம்பாடி. உடைமரங்கள் இடைவிட்டு நிற்கும் கட்டாந்தரையிலும் உப்பள ஓரத்திலும் தேடுங்கள். ஆண் பறவைக்கு வயிறு கறுப்பு, உச்சந்தலை சாம்பல். இணை தேடும் நாட்களில் படபடவென்று அடித்து மேலேறும். உச்சியில் இறக்கையை மூடிக்கொண்டு கல்போல் விழும். விழுந்த வேகத்திலேயே மறுபடி மேலே வளையும். சீழ்க்கையடித்தபடி படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் ஒரு மண்கட்டியிலோ கல்லிலோ வந்து அமரும்.

எழும் இடமும் விழும் தாளமும் திரும்பத் திரும்ப வருவதால் தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. முதல் மூன்று ஆட்டங்களைப் படமெடுக்காமல் பாருங்கள். நான்காவதில், மேலேறும்போதே லென்ஸில் பிடித்துப் பின்தொடருங்கள். விழும்போது பிடிக்க நினைத்தால் தப்பிவிடும். மேலே வளையும் அடிப்புள்ளியில்தான் ஒரு கணம் வேகம் திசை மாறுகிறது, இறக்கையும் விரிகிறது. அங்கே அழுத்துங்கள். நூற்றுக்கு ஐந்து தேறினால் அன்றைக்கு இரண்டு டீ குடிக்கலாம்.

தரையில்தான் அதன் கூடும் இருக்கும். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால், வந்த தடத்திலேயே காலைப் பார்த்து வைத்துத் திரும்பிவிடுங்கள். கைபேசியில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்கும் வேலையும் வேண்டாம்.

மண்டபத்திலும் உச்சிப்புளியிலும் கடலோரக் காவல் படை, கடற்படை வளாகங்கள் உள்ளன. அந்தப் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாதீர்கள். வானம்பாடி என்று விளக்கிச் சொல்ல அரை நாள் போய்விடும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் மணலும் உப்பளமும் சூடேறினால் கானல் எழும். அதன்பின் எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் படம் தண்ணீருக்கடியில் எடுத்ததுபோல் நெளியும். வீட்டுக்குக் கிளம்புங்கள். தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன், அந்த ஃபோகஸ் வளையம் இன்றும் நறநறவென்கிறது. திரும்பியதும் முதலில் மணலை ஊதித் தள்ளிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். உப்புப் போனபிறகு உலர்ந்த துணி. படங்களை அப்புறம் பார்க்கலாம்.