இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவோ அப்பாவோ வீடு திரும்பும் முன்: படிப்படியான செய்முறை விளக்கம்

வயதான காலத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் சொல்லும் வகையில் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்தவர்களை, அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கும் வழக்கம் இன்று பல மருத்துவமனைகளில் உள்ளது. சிக்கல் ஏதும் இல்லையென்றால் சில நாட்களிலேயே வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். வீட்டைத் தயார்செய்ய நமக்குக் கிடைப்பது அந்தச் சில நாட்கள்தான். கட்டில், நாற்காலி என்று எதை வாங்கினாலும், நள்ளிரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவர் விழாமல் போய்வர முடியுமா என்ற கேள்வியை முன்வைத்தே வாங்குங்கள்.

படி 1: மருத்துவமனையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

முறிந்த எலும்பைக் கம்பியோ திருகாணியோ வைத்து இணைத்திருக்கிறார்களா, அல்லது மூட்டின் பந்துப் பகுதியையே மாற்றியிருக்கிறார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை செய்த காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதையும் அறுவைச் சிகிச்சை நிபுணரிடமே கேட்க வேண்டும். பந்து மாற்றப்பட்டு, அறுவைச் சிகிச்சை பின்புறமாகச் செய்யப்பட்டிருந்தால், மூட்டு விலகிவிடாமல் இருக்கப் பொதுவாக மூன்று கட்டுப்பாடுகளைச் சொல்வார்கள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. சம்மணமிட்டு உட்கார்வது, குத்துக்காலிடுவது, தரையில் விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பது ஆகிய மூன்றும் இவற்றால் நின்றுபோகின்றன என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். கட்டுப்பாடு எத்தனை வாரம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் அருகில் இருக்கும்போதே, அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துப் பழகுங்கள். வீட்டில் அவரோடு இருக்கப்போகிறவர் யாரோ, அவர்தான் இதைப் பழக வேண்டும். பணம் கட்டவும் மருந்து வாங்கவும் ஓடிக்கொண்டிருக்கும் மகன் பழகிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டால் பயனில்லை.

படி 2: இன்ச் டேப்போடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

வாக்கர் ஏறக்குறைய இரண்டடி அகலம் இருக்கும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான்; நிலைச்சட்டத்தையும் முழுதாகத் திறக்காத கதவையும் கழித்தால் வாக்கர் நுழையாமல் போகலாம். அதைப் பக்கவாட்டில் திருப்பிச் சமாளிக்கச் சொல்வது ஆபத்து. கதவைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுத் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிடுவது எளிது, செலவும் குறைவு.

அடுத்து, அவருடைய தரை முதல் முழங்கால் மடிப்பு வரையிலான உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கட்டில், நாற்காலி, கழிப்பறை இருக்கை மூன்றும் அந்த அளவைவிடச் சற்றே உயரமாக இருக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால், கால்கள் பொருந்தி நிற்கும்படி குழி கடைந்த மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்துகொள்ளலாம்; செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

படி 3: குளியலறை

பணமும் நேரமும் குறைவாக இருந்தால் இரண்டையும் இங்கேயே செலவிடுங்கள். தரையோடு பதித்த கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், அதன்மேல் வைத்துப் பயன்படுத்தும் கமோட் நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் அது தாழ்வாக இருந்தால், மேலே பொருத்தும் உயர்த்தி இருக்கை தேவைப்படும். இருக்கைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகளைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். துண்டு போடும் கம்பி ஒருவருடைய எடையைத் தாங்காது. ஆனால் தடுமாறும்போது கை முதலில் அதைத்தான் தேடும் என்பதால் அதைக் கழற்றிவிடுங்கள்.

குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த இறக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். குளிப்பதற்கு ரப்பர் முனை கொண்ட உயரமான நாற்காலியும், குனியாமல் மொள்ளும்படி முக்காலியின் மேல் வைத்த வாளியும் வேண்டும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள்.

இரவுக்குக் கட்டிலருகே கமோட் நாற்காலி வைக்கலாம் என்றால் பலர் கூச்சத்தால் மறுப்பார்கள். மறுப்பதோடு நில்லாமல், எழுந்திருக்க அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். அது மலச்சிக்கலிலும் சிறுநீர்த் தொற்றிலும் தலைச்சுற்றலிலும் கொண்டுபோய் விடும். வற்புறுத்துவதைவிட, ஒரு தடுப்புத் திரை கட்டிக்கொடுத்து, பயன்படுத்தியவுடன் பேச்சில்லாமல் சுத்தம் செய்துவிடுவதே வழி.

படி 4: நடைபாதை

கால்மிதிகளையும் தரையில் ஓடும் ஒயர்களையும் அகற்றுங்கள். இரவு விளக்கோடு, மின்வெட்டின்போது தானே எரியும் எமர்ஜென்சி விளக்கும் இருக்கட்டும். அவிழ்ந்து புரளும் வேட்டியும் தரையைத் தொடும் நைட்டியும் வாக்கரில் சிக்கும். செருப்புக்குப் பின்பட்டை இருக்க வேண்டும்.

படி 5: தினசரிப் பயிற்சி

நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால் வாக்கரின் பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கட்டும். படியேற மருத்துவர் அனுமதித்த பின், ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது அறுவை செய்த காலும் முதலில் போக வேண்டும். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிக்குப் பயந்தே பலர் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பாசத்தால் செய்யும் தவறு ஒன்று உண்டு: சோற்றுத் தட்டு முதல் சீப்பு வரை எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பது. தலை வாருவதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும், சாப்பாட்டு மேசை வரை நடந்து வருவதையும் அவரே செய்யட்டும். நேரமானாலும் பக்கத்தில் நின்று காத்திருங்கள்.

படி 6: எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலும், மூட்டில் திடீரென்று கடும் வலி வந்து கால் குட்டையானது போலவோ திரும்பியது போலவோ தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கெண்டைக்காலில் புதிய வீக்கமும் வலியும், தையலில் சீழ், காய்ச்சல், திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகாலும் வால் எலும்புப் பகுதியும் சிவந்திருக்கின்றனவா என்று தினமும் பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது, எலும்பு வலுவிழப்புக்குச் சிகிச்சை தேவையா என்று நீங்களே கேளுங்கள். சாதாரணமாக வழுக்கி விழுந்ததிலேயே இடுப்பெலும்பு முறிந்தவருக்கு வேறொரு எலும்பும் முறியும் வாய்ப்பு அதிகம். தையல் ஆறிய மகிழ்ச்சியில் அந்தக் கேள்வி விட்டுப்போய்விடுகிறது.