குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? காய்ச்சல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை

மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து எங்களோடு மேடவாக்கத்துக்கு அழைத்து வந்தோம். பதினைந்து வருடமாகச் சுகர், கூடவே பிரஷர். சுகருக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர் என்று மூன்று இடத்தில் காட்டினோம். மூவருமே அவரவர் துறையில் நல்ல பெயர் எடுத்தவர்கள். ஆனால் ஒருவர் எழுதிக் கொடுத்ததை மற்றவர் பார்த்ததில்லை. பார்க்கும்படி நாங்களும் கொண்டுபோகவில்லை. முட்டிவலிக்குப் பத்து நாளைக்கென்று எழுதிய மாத்திரையை அப்பா மெடிக்கலில் கேட்டு வாங்கி ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாதாரணச் சளிக்காக அவரைப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா சளியைப் பார்த்துவிட்டு அப்பாவின் காலையும் பார்த்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. "வீட்டுல இருக்கிற மாத்திரை அத்தனையும் ஒரு பையில போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார். மறுநாள் பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். வலி மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தபோது சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருந்தது தெரிந்தது. சுகரும் பிரஷரும் இருப்பவர்கள் இந்த வகை வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் இதயத்தைப் பார்க்க ஆள் இருந்தார், முட்டியைப் பார்க்க ஆள் இருந்தார். அப்பாவை முழுசாகப் பார்க்க அதுவரை ஒருவரும் இல்லை. அந்த ஒருவரை எப்படித் தேடுவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டு ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று எழுதுங்கள்

எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குச் சரியான நேரம். 103 டிகிரி காய்ச்சலில் குழந்தை அனத்தும்போது யாரும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த கிளினிக்கில் விளக்கு எரிகிறதோ அங்கே ஓடுகிறோம்.

வீட்டில் யார் யார், என்ன வயது, யாருக்கு என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் நடைமுறை விஷயங்கள். கிளினிக் மாடியில் இருந்தால் பாட்டியால் ஏற முடியுமா? ஆட்டோவில் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாமா? டாக்டர் எந்த நேரத்தில் இருப்பார்? அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் மருத்துவர்கள் பலர் மாலையில் மட்டும் கிளினிக் வைத்திருப்பார்கள். காலையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் வீட்டுக்கு அது சரிப்படாது. எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் இருப்பவர் குடும்ப டாக்டராக முடியாது. சின்ன விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள். அந்தச் சின்ன விஷயங்களைப் பார்ப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை.

படி 2: விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரியுங்கள்

"நல்ல டாக்டர் யாரு?" என்று கேட்டால் "கைராசிக்காரர்" என்று ஒருவரைச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம், ஆனால் அது போதாது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். எந்த கிளினிக்கோடும் சேராத மெடிக்கல் கடையில், கூட்டம் இல்லாத நேரத்தில், "உங்க வீட்டுப் பிள்ளைக்கு முடியலைன்னா யார்கிட்ட காட்டுவீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பகுதி டாக்டர்கள் எழுதும் சீட்டுகள் தினமும் அவர் கையில் வருகின்றன. யார் காரணமில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார், யார் நான்கு வரியில் முடிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், அபார்ட்மென்ட்டில் சுகர் உள்ள பெரியவர்கள் எல்லோரிடமும் இதையே கேட்கலாம்.

கூகுள் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் குறைசொல்லும் வரிகளைப் படியுங்கள். "ரொம்ப நேரம் காத்திருக்கணும்" என்பது ஒவ்வொருவரோடும் நேரம் எடுத்துப் பேசுகிறார் என்பதாலும் இருக்கலாம். "நான் சொல்வதைக் கேட்கவே இல்லை" என்று நான்கு பேர் எழுதியிருந்தால் அதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் கிடைத்தால் போதும்.

படி 3: போர்டில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். என்பது அடிப்படை அலோபதிப் பட்டம். ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. அதை மட்டும் முடித்து இருபது, முப்பது வருடம் ஒரே தெருவில் வைத்தியம் பார்த்தவர்களில் மிகச் சிறந்த குடும்ப மருத்துவர்கள் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று மக்கள் கொண்டாடிய ஜெயச்சந்திரன் 2018-ல் மறைந்தபோது வடசென்னை எப்படித் திரண்டு வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். "வெறும் எம்.பி.பி.எஸ்.தானே" என்று ஒதுக்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம்.

எம்.டி. (ஃபேமிலி மெடிசின்), டி.என்.பி. (ஃபேமிலி மெடிசின்) என்று இருந்தால், எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருடம் குடும்ப மருத்துவத்தையே சிறப்புப் படிப்பாகப் படித்தவர் என்று அர்த்தம். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை சிகிச்சை என்று எல்லாப் பிரிவிலும் பயிற்சி எடுத்திருப்பார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஏற்கெனவே தொழில் பார்க்கும் மருத்துவர்களுக்காகக் குடும்ப மருத்துவத்தில் தொலைநிலை டிப்ளமோ ஒன்றையும் நடத்துகிறது. இப்படி ஒருவர் உங்கள் பகுதியில் கிடைத்தால் முதலில் அவரையே பாருங்கள்.

எம்.டி. (ஜெனரல் மெடிசின்) படித்தவர் பெரியவர்களின் நோய்களில் நிபுணர். முதியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு மிகவும் பொருந்துவார். ஆனால் பலர் கைக்குழந்தைகளைப் பார்ப்பதில்லை; கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி.எச். என்றால் குழந்தைகள் நலம், டி.ஜி.ஓ. என்றால் மகப்பேறு. பெயருக்குப் பின்னால் நீளமாக வரும் மற்ற எழுத்துகளில் சில, சில மாதங்களில் முடிக்கும் சான்றிதழ் படிப்புகள். அவை தப்பில்லை, ஆனால் அவற்றைச் சிறப்புப் பட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பி.எஸ்.எம்.எஸ். சித்தா, பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதம், பி.எச்.எம்.எஸ். ஹோமியோபதி. அந்த வைத்தியம் வேண்டும் என்று தெரிந்தே போவது உங்கள் விருப்பம். போர்டில் "டாக்டர்" என்று மட்டும் இருந்து, என்ன பட்டம் என்றே தெரியாவிட்டால் உள்ளே போகாதீர்கள்.

படி 4: பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

ஐந்து நிமிட வேலை. மருத்துவர்களுக்கான 2002-ம் வருட நடத்தை விதிகளின்படி, கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவரென்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலில் பார்க்கலாம். நம் ஊர்களில் போலி டாக்டர்கள் கைதாகும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களிடம் போனவர்கள் எல்லோரும் யாரோ சொன்னதை நம்பித்தான் போயிருப்பார்கள்.

படி 5: முதல் சந்திப்பு

பெரிய நோய்க்காகக் காத்திருக்க வேண்டாம். பிரஷர் பார்க்க, சும்மா ஒரு பொதுப் பரிசோதனைக்கு, குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் காட்ட என்று ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். டோக்கன் கொடுப்பவரிடம் ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கட்டணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதே விதி.

கையோடு நீங்கள் எழுதிய தாளையும் மாத்திரைப் பையையும் கொண்டுபோங்கள். உள்ளே உட்கார்ந்ததும் டாக்டரைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பேனா ஓடத் தொடங்கிவிட்டதா? பழைய நோய்களைப் பற்றி, மருந்து அலர்ஜி பற்றி, அப்பா அம்மாவுக்கு என்ன இருந்தது என்று கேட்டாரா? தொட்டுப் பார்த்தாரா? சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை ஒரு நொடி வைத்து எடுத்தாரா, சரியாகக் கேட்டாரா? பெரியவரை அழைத்துப் போனால் அவரிடமே பேசினாரா, இல்லை உங்களிடமே பேசி முடித்துவிட்டாரா? பெண்கள் தனியாகச் சொல்ல நினைக்கும் விஷயத்தைச் சொல்ல அந்த அறையில் இடம் இருந்ததா? சில கிளினிக்குகளில் அடுத்த டோக்கன்காரர் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

பிறகு நீங்கள் கேளுங்கள். இரண்டு கேள்விகளை மட்டுமாவது மறக்காதீர்கள்.

ஒன்று, "இந்த மருந்து எதுக்கு டாக்டர், இது இல்லாம சரியாகாதா?" எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. "மூணு நாள் பார்க்கலாம், தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க, மூச்சு வாங்கினா உடனே வாங்க" என்று சொல்லி, ஒரு பாராசிட்டமால் மட்டும் எழுதி அனுப்புகிற டாக்டரை நம்மில் பலர் "ஒண்ணுமே கொடுக்கலை" என்று குறைசொல்கிறோம். தேவையில்லாததை எழுதாமல் இருக்க அதிகத் துணிச்சல் வேண்டும். ஊசியும் அப்படித்தான். "ஊசி போடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகட்டும்" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும்.

இன்னொன்று, "ராத்திரி அவசரம்னா என்ன செய்யறது?" போன் எண் தருகிறாரா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்குக் குடும்ப டாக்டரையும் தேட வேண்டாம். நேரே 108.

படி 6: வெளியே வந்ததும் சீட்டைப் பாருங்கள்

மருந்தின் பெயர் படிக்க முடிகிறதா? கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் பொதுப்பெயரை (ஜெனரிக் பெயர்) தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்தை மலிவாக வாங்கலாம். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளைப் பெயர் எழுதாமல் சின்ன கவரில் போட்டுக் கொடுத்தால் அந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். ஒவ்வாமை வந்து அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது என்ன சாப்பிட்டார் என்று சொல்ல உங்களிடம் ஒரு பெயர்கூட இருக்காது. குறிப்பிட்ட லேபில்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினாலும் யோசியுங்கள். நோயாளியை அனுப்பிக் கமிஷன் வாங்குவது விதிப்படி குற்றம்.

அரசு வழியையும் மறக்க வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.பி.பி.எஸ். மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரையை அங்கே வாங்கிக்கொண்டு தனியார் டாக்டரிடம் ஆலோசனை பெறுகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இரண்டு பக்கமும் உண்மையைச் சொல்லிவிட்டால் அதில் சிக்கலே இல்லை.

படி 7: ஆறு மாதம் பாருங்கள், ஃபைல் போடுங்கள்

மூன்று நான்கு தடவை போன பிறகுதான் ஒருவரைப் பற்றித் தெரியும். போன தடவை சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா, அல்லது குறித்து வைத்திருக்கிறாரா? சுகர் உள்ளவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்கிறாரா, வருடத்துக்கு ஒருமுறையாவது கண், பாதம், சிறுநீரகம் பார்க்கச் சொல்கிறாரா? தனக்கு மீறியது என்று பட்டால் நிபுணரிடம் அனுப்புகிறாரா? எங்கள் டாக்டரம்மா அப்பாவைச் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பியபோது ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எல்லா நோயும் எல்லா மருந்தும் அதில் இருந்தன. அந்தக் கடிதத்தைப் படித்த நிபுணர் எங்களிடம் கேட்டது இரண்டே கேள்விகள்.

ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆளுக்கு ஒரு ஃபைல் வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகள். அதன் பின்னால் சீட்டுகளும் ரிப்போர்ட்டுகளும் தேதி வரிசையில். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் புதிதாக ஒன்று எடுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுடையது. தாத்தாவின் மாத்திரைப் பெயர்களெல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம்.