வாவ் கிளாசிக்: ஹன்டர் பெட்டைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

2019-ல் திரும்ப வந்த ஆன்லைன் விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் (சுருக்கமாக வாவ் கிளாசிக்), ஹன்டர் (வேட்டைக்காரர்) பழக்கிக் கூட வைத்துச் சண்டை போடும் விலங்கான பெட்டுக்குப் பசிக்கும். பட்டினி போட்டால் முகம் வாடும், அடி குறையும், கடைசியில் உங்களை விட்டு ஓடியே போய்விடும். அதனால் எது பலமாக அடிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்கு உங்களால் தவறாமல் தீனி போட முடியும் என்று பாருங்கள்.

பன்றியும் கரடியும் எதைக் கொடுத்தாலும் தின்னும். பூனை இனத்துக்கு இறைச்சியும் மீனும் ஆகும். ஓநாய்க்கும் சிலந்திக்கும் இறைச்சி மட்டும்தான். கொரில்லா பழமும் காளானும் தின்னும். மீன்பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பூனை வளர்ப்பதில் தீனிச் செலவே கிடையாது. அடி வலுவில் பூனை சராசரியைவிட 10% கூட. பன்றி 10% குறைவு, ஆனால் அதன் தோல் தடிமன். தனியாகச் சுற்றி லெவல் ஏற்றும் புதியவருக்குப் பன்றிதான் எங்கள் பரிந்துரை. அடி தாங்கும், சார்ஜ் (பாய்ந்து மோதுவது) செய்து எதிரியை நிறுத்தும், மிச்சம் மீதியைத் தின்றே வளரும்.

விளையாட்டில் வரும் பேட்லாண்ட்ஸ் என்ற பகுதியில் எப்போதாவது தோன்றும் புரோக்கன் டூத் என்ற 37 லெவல் பூனையைப் பலர் மணிக்கணக்கில் காத்திருந்து பிடிக்கிறார்கள். வழக்கமான பெட் 2 வினாடிக்கு ஒருமுறை அடித்தால் இது 1 வினாடிக்கு ஒருமுறை அடிக்கும். ஒவ்வொரு அடியும் அதற்கேற்பச் சிறியது என்பதால் மொத்த டேமேஜ் (எதிரிக்கு விழும் சேதம்) அதிகமாகாது. மந்திரம் போடும் எதிராளியின் காஸ்டிங்கை (மந்திரத்தைப் போட்டு முடிப்பதை) தள்ளிக்கொண்டே போவதில்தான் அதன் பலன். பிற வீரர்களோடு மோதாதவர் அதற்காகத் தவம் கிடக்க வேண்டாம்.

விலங்கைப் பிடிக்கும் திறன் 10-ஆம் லெவல் குவெஸ்டில் (விளையாட்டு தரும் பணியில்) கிடைக்கும். அதன் பெயர் டேம் பீஸ்ட். விலங்கின் லெவல் உங்களுடையதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. டேம் பீஸ்ட் 20 வினாடி ஓடும். அந்த நேரம் முழுக்க உங்கள் ஆர்மர் (கவசப் பாதுகாப்பு) பூஜ்யம், விலங்கோ உங்களைக் கடித்துக்கொண்டே இருக்கும். ஓரடி நகர்ந்தாலும் முயற்சி வீண். நீங்கள் 20-ஆம் லெவலை எட்டியிருந்தால் காலடியில் முதலில் ஃப்ரீசிங் ட்ராப் (மிதிப்பதை உறையவைக்கும் பொறி) வையுங்கள், பிறகு தூரத்திலிருந்து டேம் பீஸ்ட்டைத் தொடங்குங்கள். ஓடிவரும் விலங்கு ட்ராப்பில் உறைந்து நிற்கும். டேம் தொடர்ந்து ஓடும். முதல் ரேங்க் ட்ராப்பே 10 வினாடி தாங்குவதால் பாதி அடி மிச்சம். சண்டை ஆரம்பித்த பிறகு ட்ராப் வைக்க முடியாது என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது.

பிடித்த உடனே பெட்டின் லாயல்டி (விசுவாச அளவு) 1. பெட்டுக்குத் திறன்களைக் கற்றுக்கொடுக்கச் செலவாகும் பயிற்சிப் புள்ளிகளின் கணக்கு எளிது: பெட்டின் லெவலை, லாயல்டியில் ஒன்று கழித்து வருவதால் பெருக்குங்கள். 20 லெவல், லாயல்டி 3 என்றால் 40 புள்ளி. 60 லெவல், லாயல்டி 6 என்றால் 300. பிறவித் திறன்களுக்கும் புள்ளி கழியும் என்பதால் புதுப் பெட்டுக்கு மைனஸில் காட்டும். பதற வேண்டாம், லாயல்டி ஏற ஏறச் சரியாகிவிடும்.

லாயல்டி ஏற, பெட் படத்துக்குப் பக்கத்தில் அதன் மகிழ்ச்சியைக் காட்டும் முகம் பச்சையாகவே இருக்க வேண்டும். பச்சையில் டேமேஜ் 125%, மஞ்சளில் 100%, சிவப்பில் 75%. தீனியின் பலன் 20 வினாடியில் சிறுகச் சிறுக ஏறும்; நடுவில் சண்டை வந்தால் அறுந்துவிடும், போட்ட தீனியும் போச்சு. எனவே சுற்றிலும் பார்த்துவிட்டு ஊட்டுங்கள். பெட்டின் லெவலுக்கு மிகவும் தாழ்ந்த தீனியைப் போட்டால் முகம் சரியாக ஏறாது. பெட் செத்தால் மகிழ்ச்சி தடாலென்று விழும்.

கிரௌல் (உறுமி எதிரியைத் தன் பக்கம் இழுப்பது), உடல் வலு, தடுப்பு போன்றவற்றைப் பெட் டிரெய்னரிடம் வாங்கலாம். பைட் (கடி), கிளா (நகக்கீறல்), டேஷ் (வேக ஓட்டம்) போன்றவை காட்டு விலங்குகளிடம்தான் கிடைக்கும். உங்கள் பெட்டை ஸ்டேபிளில் (பெட்டுகளை விட்டுவைக்கும் இடம்) விட்டுவிட்டு, வேண்டிய ரேங்க் (படிநிலை) திறன் உள்ள வேறொரு விலங்கைப் பிடியுங்கள். அதோடு சேர்ந்து சண்டை போடுங்கள். அது அந்தத் திறனைப் பயன்படுத்தப் பயன்படுத்த, ஒரு கட்டத்தில் நீங்கள் கற்றுக்கொண்டதாகச் சாட்டில் வரி வரும். அந்த வரியைப் பார்க்காமல் விலங்கை அபாண்டன் செய்யாதீர்கள், அதாவது நிரந்தரமாகக் கைவிடாதீர்கள். போனது திரும்பாது, மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். வரி வந்ததும் பழைய பெட்டை எடுத்து, பீஸ்ட் டிரெய்னிங் என்ற உங்கள் திறனால் அதற்குக் கற்றுக்கொடுங்கள்.

புள்ளிகளைச் சிதறவிடாதீர்கள். பெட்டின் ஃபோகஸ் (திறன்களைப் பயன்படுத்தச் செலவாகும் சக்தி) 100-தான். பைட் 35 தின்னும், 10 வினாடிக்கு ஒருமுறை வரும். கிளா 25, இடைவெளியே இல்லை. இரண்டையும் ஆட்டோவில் (தானாக இயங்க) விட்டால் கிளா எல்லாவற்றையும் தின்றுவிடும், எதிரியைப் பிடித்து வைக்கும் கிரௌலுக்கு மிஞ்சாது. தனியாக ஆடும்போது கிரௌலைத் தவறாமல் வையுங்கள். டன்ஜனில் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்) மட்டும் அதன் ஆட்டோகாஸ்ட்டை ரைட் கிளிக் செய்து அணையுங்கள், இல்லையென்றால் குழுவுக்காக அடி தாங்கும் டேங்கிடமிருந்து எதிரியைப் பறித்துவிடும்.

டன்ஜனில் மேட்டிலிருந்து கீழே குதிப்பதற்கு முன் பெட்டை டிஸ்மிஸ் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக அனுப்பிவிடுங்கள். மகிழ்ச்சி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அப்படியே குதித்தால் பெட் சுற்றுவழியில் ஓடி, வழியில் உள்ள கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு உங்கள் குழுவிடம் வந்து நிற்கும்.